பனியில் பிழைத்தவையும் ஈரத்தில் செத்தவையும்

செத்த செடியாக இருந்தாலும் பிடுங்கும்போது மண் கொஞ்சமாவது பிடித்து இழுக்கும். அந்த மார்ச் மாதம் நான் பிடுங்கிய லாவெண்டர் அப்படி இழுக்கவே இல்லை. இரண்டு விரலால் தூக்கியதும் வந்துவிட்டது. வேரை உருவிப் பார்த்தேன். மேல்தோல் உறை கழல்வதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே நூல் மாதிரி வெளுத்த ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. சாக்கடை நாற்றம் வேறு. ஆறு செடி வைத்திருந்தேன், ஆறும் இதே கதி.

வாங்கும்போது செடியில் தொங்கிய சீட்டில் மைனஸ் 20 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதிலும் என் தோட்டத்து வெப்பமானி காட்டிய மிகக் குறைந்த அளவு மைனஸ் 9. கணக்குப்படி செடிகள் சிரித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

உண்மையில் ஏழு செடி வாங்கியிருந்தேன். ஏழாவது நோஞ்சான். பாத்தியில் இடமும் இல்லை. தூக்கிப் போட மனசு வராமல், பின்வாசல் படிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த விரிசலில், உடைந்த காரைத் தூளும் கல்லும் கிடந்த இடத்தில் செருகிவிட்டு மறந்துபோனேன். எரு இல்லை, தண்ணீரும் இல்லை. ஆறையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினால் அது சாம்பல் நிற இலைகளோடு ஒன்றும் நடக்காதமாதிரி நின்றுகொண்டிருந்தது. லாவெண்டர், ரோஸ்மேரி மாதிரியான மத்தியதரைக்கடல் செடிகளைக் குளிர் கூடின ஊரில் வளர்ப்பது பற்றி எனக்குத் தெரிந்த முக்கால்வாசி விஷயம் அந்த விரிசலில் ஆரம்பித்ததுதான்.

ஆறு செடிகளுக்கும் நான் செய்த உபசாரம் இது. என் தோட்டத்து மண் களிமண். ஒரு முழ ஆழத்துக்குக் குழி வெட்டினேன். வடிகாலுக்கு என்று அடியில் கூழாங்கல் பரப்பினேன். மேலே நல்ல மக்கு உரம், தொழு உரம், கொஞ்சம் மணல். பார்க்கவே அழகாக இருந்தது. ஆனால் சுற்றிலும் களிமண், நடுவில் பொலபொலவென்று ஒரு குழி என்றால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? சுற்றுப்பட்டுத் தண்ணீரெல்லாம் அந்தக் குழியில்தான் வந்து தேங்கும். செடி நடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு செடிக்கு ஒன்றாக ஆறு குளங்கள் வெட்டியிருக்கிறேன். அடியில் கல் பரப்புவதும் வீண். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல் இடுக்குக்குள் தண்ணீர் லேசில் இறங்காது. மேல்மண் முழுவதும் ஊறி, இனிமேல் பிடிக்க இடமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் சொட்டும். பூந்தொட்டியின் அடியில் ஓட்டாஞ்சில்லும் கல்லும் போடுகிறோமே, அதற்கும் இதே கதைதான்.

அன்று சாயந்திரமே ஒரு சோதனை செய்தேன். புதிதாகச் செடி வைக்கப் போகிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன். ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீரை நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, இப்போது மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு குச்சியில் கோடு போட்டுப் பாருங்கள். மணிக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் கவலையில்லை. என் குழியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் கிடந்தது. அதில் ஒரு வண்டு நீந்திக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. மத்தியதரைக்கடல் நாடுகளில் மழை பெய்வதே குளிர்காலத்தில்தான். கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை என்பதுதான் அந்தப் பருவநிலையின் இலக்கணம். கலிஃபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலை எல்லாவற்றுக்கும் இதே இலக்கணம். அப்படியிருக்க, குளிர்கால ஈரம் இந்தச் செடிகளை ஏன் கொல்ல வேண்டும்? யோசித்துப் பார்த்தால் விடை எளிது. அங்கே மழை கொட்டினாலும் கல்லும் சரிவுமான நிலத்தில் சீக்கிரமே ஓடிவிடும். குளிரும் மிதமானது என்பதால் வேர் வேலை செய்துகொண்டிருக்கும், குடித்துக்கொண்டிருக்கும். குளிர் கூடின ஊரில் நவம்பர் முதல் மார்ச் வரை வெயில் குறைவு, செடி தூக்கத்தில் இருக்கும், மண் சகதியாகவே கிடக்கும். மண் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தையும் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு மூச்சு முட்டும். சோர்ந்த வேரில் அழுகல் பூசணம் புகுந்துவிடும். பனி வருவதற்கு முன்பே செடி பாதி செத்திருக்கும். பழி மட்டும் பனிமேல் விழும்.

(நான் சொல்லும் மாதங்கள் வடக்கு அரைக்கோளக் கணக்கு. தெற்கே இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, களிமண்ணை என்ன செய்வது? மணலைக் கொட்டிக் கலக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொஞ்சம் மணல் போட்டால் களிமண் இன்னும் இறுகித்தான் போகும். ஒழுங்காக மாற வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி மணல் வேண்டும், அதற்கு லாரிதான் பிடிக்க வேண்டும். நான் தோண்டுவதை விட்டுவிட்டு மேலே போனேன். வெயில் அதிகம் விழும் தெற்குச் சுவரோரம், நிலத்துக்கு மேலே 40 சென்டிமீட்டர் உயரத்தில் மேடு போட்டேன். இரண்டு பங்கு தோட்டத்து மேல்மண், ஒரு பங்கு கூர்முனையுள்ள சின்ன ஜல்லி. உருண்டைக் கூழாங்கல் வேண்டாம். உடைந்த கல்தான் ஒன்றோடொன்று சிக்கி இடுக்கு விட்டு நிற்கும். எரு ஒரு பிடிகூடப் போடவில்லை. மேட்டை ஒரு பக்கம் சரிவாக விட்டேன்.

இரண்டு வார இறுதிகள் முதுகு ஒடிந்தது. வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். "செடிக்குச் சமாதி கட்டுறியா, வீடு கட்டுறியா?" என்றார். இரண்டில் எது என்று அப்போது எனக்கும் தெரியாது.

நட்ட பிறகு மேலே 5 சென்டிமீட்டர் கனத்துக்குச் சரளைக்கல் மூடாக்கு. மரப்பட்டைத் தூளோ காய்ந்த இலையோ போட்டால் அது ஈரத்தைப் பிடித்துத் தண்டின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். இந்தச் செடிகள் முதலில் அழுகுவதே அந்தக் கழுத்தில்தான். சரளை சட்டென்று காயும், களையும் குறையும். கல்லை நம்பித் தோட்டம் போடலாமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் 1990களின் தொடக்கத்தில் பழைய கார் நிறுத்துமிடம் ஒன்றில் சரளைத் தோட்டம் போட்டார். பாசனம் செய்வதில்லை என்று முடிவெடுத்தே தொடங்கினார். அவர் 2018இல் காலமானார். தோட்டம் இன்றும் இருக்கிறது.

அடுத்தது செடித் தேர்வு. லாவெண்டர் என்று சொன்னால் போதாது. இங்கிலீஷ் லாவெண்டர் என்று விற்கிறார்களே, லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா, அதற்கும் இங்கிலாந்துக்கும் பிறப்பால் சம்பந்தமில்லை. மத்தியதரைக்கடல் நாடுகளின் மலைப்பகுதிச் செடி அது. பனி அதற்குப் பழக்கப்பட்ட விஷயம். அதில் ஹிட்கோட், மன்ஸ்டெட் என்ற இரண்டு ரகங்களும் எனக்கு நன்றாக வந்தன. லாவண்டின் என்கிற கலப்பினமும், முக்கியமாக க்ரோஸோ என்ற ரகம், கிட்டத்தட்ட அதே அளவு தாங்குகிறது. ஆனால் பூக்கதிரின் உச்சியில் முயல் காது மாதிரி இரண்டு இதழ் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஸ்டோக்காஸ் வகை கடற்கரைப் பக்கத்துச் செடி. மைனஸ் 5, 6க்குக் கீழே போனால் அதை நம்ப முடியாது. மூன்று முறை வாங்கி மூன்று முறையும் இழந்தேன். இப்போதும் ஆசைக்கு ஒன்று வாங்குகிறேன், ஒரு வருடத்துப் பூச்செடி என்று நினைத்துக்கொண்டு.

இதை வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். புதுச் செடி ஒன்றைப் பார்த்தால் அதன் சொந்த ஊர் கடலோரமா மலையா என்று முதலில் தேடுவேன். சிஸ்டஸ் என்ற பூப்புதரின் வகைகளில் லாரிஃபோலியஸ் மலைக்காரன். என் மேட்டில் மைனஸ் 13ஐப் பார்த்துவிட்டு ஜூன் மாதம் வெள்ளைப் பூ பூத்தது. ரோஸ்மேரியில் நேராக வளரும் வகைகள் பொதுவாகக் கெட்டி, தரையில் படரும் வகைகள் மென்மை. ஆர்ப் என்ற ரகம் குளிருக்குப் பேர் போனது. டெக்ஸஸில் உள்ள ஒரு சின்ன ஊரின் பெயர் அது. (ரோஸ்மேரியை 2017இல் தாவரவியலாளர்கள் சால்வியா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். புதுச் சீட்டில் சால்வியா ரோஸ்மரினஸ் என்று இருந்தால் வேறு செடியோ என்று பயப்பட வேண்டாம்.) சேஜ், தைம், ஆரெகனோ ஆகிய சமையல் மூலிகைகள், சாண்டொலினா என்ற சாம்பல் இலைக் குறும்புதர், இவை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வடிகால் இருந்தால் போதும், அவை பாட்டுக்கு இருக்கும்.

சீட்டில் போட்டிருக்கும் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க வேளாண் துறை பிரித்த குளிர் மண்டலங்களைத்தான் பல நாட்டுச் செடிக்கடைகளும் எழுதுகின்றன. வருடத்தின் மிகக் குளிர்ந்த இரவு எவ்வளவு இறங்கும் என்பதன் பல வருடச் சராசரி அது, அவ்வளவுதான். அந்தக் குளிர் ஓர் இரவா, மூன்று வாரமா, மண் காய்ந்திருந்ததா, ஊறியிருந்ததா என்பதெல்லாம் அதில் கிடையாது. குளிர் எந்த நேரத்தில் வருகிறது என்பதும் கிடையாது. அதுதான் பெரிய விஷயம். இலையுதிர்காலத்தில் மெல்ல மெல்லக் குளிர் ஏறும்போது செடி தன் செல்களில் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு பனிக்குத் தயாராகிறது. ஜனவரியில் மைனஸ் 10ஐத் தாங்கிய அதே செடி, துளிர்விட்ட ஏப்ரலில் மைனஸ் 4க்குக் கருகிவிடும். 1956 பிப்ரவரியில் தென்பிரான்ஸின் ஆலிவ் தோப்புகளுக்கு நடந்தது இதுதான். ஜனவரி இதமாக இருந்து மரங்களில் சாறு ஓடத் தொடங்கியிருந்தபோது திடீரென்று கடுங்குளிர் அடித்தது. ஏராளமான மரங்களை அடியோடு வெட்ட வேண்டியதாயிற்று. ஆனால் ஆலிவ் லேசில் சாகிற மரமல்ல. வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது. இன்று அங்கே ஒரே தூரிலிருந்து மூன்று நான்கு தண்டாக நிற்கும் மரங்கள் பலவும் அந்த வருடத்தின் தழும்புகள்தான்.

இதிலிருந்து நடைமுறையில் நான் எடுத்துக்கொண்டது, ஜூலைக்குப் பிறகு உரம் கிடையாது, ஆகஸ்டுக்குப் பிறகு கத்தரிக்கோல் கிடையாது. ஒரு வருடம் அக்டோபரில் சாண்டொலினாவை அழகாக உருண்டையாக வெட்டிவிட்டேன். பத்து நாளில் பச்சைக் கொழுந்து தள்ளியது, எனக்கும் பெருமை. முதல் உறைபனி அந்தக் கொழுந்தையும் அதன் கீழே இருந்த தண்டையும் சேர்த்துக் கொண்டுபோனது.

கவாத்து விஷயத்தில் இன்னும் பெரிய தப்பு ஒன்று உண்டு. ஐந்து வயது சிஸ்டஸ், வேறு வகை, கால் நீண்டு சாய்ந்துவிட்டது. ரோஜாவை வெட்டுகிற தைரியத்தில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். அது துளிர்க்கவே இல்லை. பழைய கட்டையிலிருந்து மொட்டு விடும் வழக்கம் சிஸ்டஸுக்குக் கிடையாது. லாவெண்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான். பூ முடிந்த கையோடு வெட்டலாம், ஆனால் வெட்டுக்குக் கீழே பச்சை இலை இருக்கிறதா என்று ஒவ்வொரு தண்டிலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கத்தரியை வைக்கும் இடத்தில் சின்னச் சின்னத் துளிர்கள் கொத்தாகத் தெரியும். அதற்கு இரண்டு விரல்கடை மேலே நிறுத்திவிடுவேன். வருடா வருடம் இப்படிச் செய்தால் செடி கால் நீளாது, பிற்பாடு முரட்டு வெட்டுக்கும் தேவை வராது.

தொட்டி பற்றிச் சொல்லாவிட்டால் என் ஆலிவ் என்னை மன்னிக்காது. நிலத்தில் இருக்கும் வேருக்கு பூமியே போர்வை. தொட்டியில் இருக்கும் வேரைச் சுற்றி நாலு பக்கமும் குளிர்காற்று. செடியின் தலை தாங்கும் குளிரை அதன் வேர் தாங்காது என்பதும் பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு ரோஸ்மேரிகளில் மேட்டில் இருந்தது பிழைத்தது, மூன்றடி தள்ளித் தொட்டியில் இருந்தது போனது. ஆலிவுக்கு இன்னும் அக்கறையாக ஒரு வேலை செய்தேன். பாலிதீன் உறையைத் தலையோடு மாட்டிக் கட்டினேன். பகல் வெயிலில் உள்ளே புழுங்கியது. ஈரம் வழிந்தது. இரவில் அந்த ஈரமே இலையோடு உறைந்தது. பிப்ரவரியில் உறையைக் கழற்றியபோது இலைகள் மொத்தமாகக் கொட்டின. இப்போது தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கிச் சுவரோரம் தள்ளி, கால் வைத்து உயர்த்தி, தொட்டிக்குத்தான் சாக்கு சுற்றுகிறேன். தலைக்கு, கடுங்குளிர் இரவுகளில் மட்டும், காற்று போகும் மெல்லிய துணி. வெயில் வந்ததும் எடுத்துவிடுவேன். அந்த ஆலிவ் ஜூலையில் அடித்தூரிலிருந்து இரண்டு குச்சி விட்டது. இப்போது இடுப்பு உயரம்.

மேல்நாட்டுச் சமையலில் வாசனைக்கு இலை போடும் பே லாரல் மரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. கடுங்குளிர் இரவுகளையெல்லாம் தாண்டிவிட்டு, பிப்ரவரி கடைசியில், நல்ல வெயிலும் காற்றும் அடித்த ஒரு வாரத்தில் இலையெல்லாம் பழுப்பேறியது. குளிர் குறைந்த பிறகு எப்படி? மண் உறைந்து கிடக்கிறது, வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. பசுமை மாறாத இலையோ வெயிலிலும் காற்றிலும் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கிறது. பனிக்கு நடுவே தாகத்தில் வாடுகிறது. காற்றடிக்கும் பக்கம் சாக்குத் துணியில் ஒரு மறைப்பு நட்டு வைத்த பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. தரைமேல் வெண்பனி குவிந்தால் அதை அள்ளிப் போடாதீர்கள். தாழ்வான செடிகளுக்கு அதைவிட நல்ல போர்வை கிடையாது. கிளை ஒடியும் அளவுக்குப் பாரம் ஏறினால் மட்டும் தட்டிவிடுங்கள்.

சீமை அத்தி என்னை அதிகம் சிரிக்க வைத்த செடி. ஒரு குளிர்காலத்தில் தரைமட்டம் வரை செத்து, ஜூனில் ஆள் உயரத்துக்குக் குச்சி விட்டது. இலை ஒவ்வொன்றும் என் முகத்தை மறைக்கும், காய் மட்டும் இல்லை. காய் வேண்டுமென்றால் பழைய கிளைகளைக் காப்பாற்ற வேண்டும். இலையுதிர்காலத்தில் கிளை நுனிகளில் இரண்டு வகைக் காய் இருக்கும். கோலி அளவும் அதற்கு மேலும் உள்ளவை குளிர் ஊரில் இனிப் பழுக்காது, பறித்துப் போட்டுவிட வேண்டும். பட்டாணி அளவில் மொட்டோடு மொட்டாக ஒட்டிக்கொண்டிருப்பவைதான் அடுத்த கோடையின் பழம். அவற்றுக்காகத்தான் நுனிகளைத் துணியால் மூட வேண்டும். முதல் வருடம் பெரியதைக் காப்பாற்றிச் சின்னதைக் கிள்ளி எறிந்தேன். அப்புறம் இரண்டு வருடம் கழித்து ஏழு பழம் கிடைத்தது.

செத்துவிட்டது என்ற முடிவுக்கு அவசரப்படாதீர்கள். நான் அவசரப்பட்டது மாதுளையில். மே மாதம் முதல் வாரம், எல்லாம் துளிர்த்துவிட்டன, இது மட்டும் காய்ந்த விளக்குமாறு மாதிரி நின்றது. கடப்பாரை போட்டுத் தோண்டி எடுத்த பிறகுதான் பார்த்தேன், தரைக்கு அரை விரல் கீழே சிவப்பாக மூன்று மொட்டு. மாதுளை தாமதமாகத்தான் எழுந்திருக்கும். மறுபடி நட்டுப் பார்த்தேன், அறுந்த வேரோடு அது பிழைக்கவில்லை. இப்போது நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்கிறேன். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டுவேன். ஜூன் கடைசி வரை எதையும் பிடுங்குவதில்லை.

நடும் காலம் வசந்தம்தான், உறைபனி அபாயம் கழிந்த பிறகு. மிதமான ஊர்களில் இலையுதிர்காலத்தில் நடச் சொல்வார்கள். குளிர் கூடின ஊரில் அப்படி நட்டால் வேர் பிடிப்பதற்குள் சகதி வந்துவிடும். வறட்சிச் செடிதானே என்று முதல் கோடையில் தண்ணீர் விடாமல் இருந்தும் இரண்டு செடி கொன்றிருக்கிறேன். முதல் வருடம் பத்து நாளுக்கு ஒரு முறை, நிறைய, ஆழமாக. நடுவில் மேல்மண் காய வேண்டும். தினம் ஒரு குவளை தெளிப்பது எதற்கும் ஆகாது, வேர் மேலேயே நின்றுவிடும்.

ஆகஸ்டில் எல்லாவற்றிலும் ஐந்தாறு குச்சி வெட்டி வைத்துவிடுவேன். பூக்காத தண்டில் விரல் நீளம், அடி இலைகளை உருவிவிட்டு, பாதி மணல் கலந்த மண்ணில் செருகி நிழலில் வைத்தால் ஒன்றரை மாதத்தில் பாதிக்கு மேல் வேர் விடும். குளிர்காலத்தில் அவை வீட்டுக்குள், ஜன்னலோரம். வெளியே தாய்ச்செடி போனாலும் பிள்ளைகள் இருக்கும். மைனஸ் 13 அடித்த வருடம் மேட்டில் இரண்டு ரோஸ்மேரியை இப்படித்தான் ஈடுகட்டினேன்.

படி விரிசலில் இருக்கும் லாவெண்டருக்கு இது ஒன்பதாவது வருடம். அடித்தண்டு என் கட்டைவிரலைவிடக் கனம், பாதி படியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டுக்காரர் தினமும் அதைச் சுற்றித்தான் இறங்குகிறார், வெட்டச் சொல்வதில்லை. இந்த ஏப்ரலில் மேட்டுச் சரளைக்கு நடுவே சாம்பல் பச்சையாக ஏதோ தெரிந்ததைக் குனிந்து கிள்ளி முகர்ந்து பார்த்தேன். விரிசல் லாவெண்டரின் விதையில் முளைத்த கன்றுகள், பதினொன்று. ஒன்றுகூட நான் இடம் பார்த்து வைத்ததல்ல. நாலைத் தோண்டித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன். மற்றவை அங்கேயே இருக்கட்டும்.